தமிழ்ல போட்டா லோக்கலா இருக்குமாம்!

விசிட்டிங் கார்டைப் பத்தி ஒருத்தன் இவ்வளவு நீளமா எழுதுறானேன்னு சிரிக்கிறவங்க தாராளமா சிரிச்சுக்கலாம். மூணரை இஞ்சுக்கு ரெண்டு இஞ்சு அட்டை. அதுல என்னய்யா பெரிய அரசியல்னு கேட்டீங்கன்னா, அதுலதான்யா இருக்கு அரசியல்.

மாமல்லபுரம் போனா ஒரு வேலை பண்ணுங்க. ஐந்து ரதம் போற ரோட்டுலயும் கிழக்கு ராஜ வீதியிலயும் இருக்கிற சிற்பக் கடைகள்ல ஏறி இறங்குங்க. எதுவும் வாங்க வேண்டாம். கார்டு மட்டும் கேளுங்க, சிரிச்ச முகத்தோட குடுப்பாங்க. வெளிய வந்து எல்லாத்தையும் பரப்பி வச்சுப் பாருங்க. நான் பாத்துட்டேன். என் கைக்கு வந்ததுல பெரும்பாலான கார்டுல பேருக்குக் கூட ஒரு தமிழ் எழுத்து கிடையாது. ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கும் மேல கல்லு கொத்துற ஊரு மக்களே இது!

எனக்கு ஏன் இந்தக் கவலைன்னா, பெரியப்பா பையன் (எனக்கு அண்ணன்) வார நாள்ல ஒரு கம்பெனில சூப்பர்வைசர். சனி ஞாயிறுல பூஞ்சேரி பக்கம் பட்டறை வச்சிருக்கிற சிற்பிங்ககிட்ட வேலை குடுத்து, கல் விளக்கு, பலிபீடம், நந்தி, பிள்ளையார்னு ஆர்டர் எடுத்துச் செய்யறார். சின்ன சைடு பிசினஸ். கொட்டேஷன், கணக்கு, கார்டு டிசைன் எல்லாம் என் பொறுப்பு. சாப்ட்வேர்ல இருக்கேன்ல, கரண்ட் கம்பி உள்ள எந்தப் பொருளா இருந்தாலும் என் தலையில கட்டுறது எங்க வீட்டு வழக்கம் :-)

கார்டு அடிக்கக் குடுத்த இடத்துல அந்த டிசைனர் சொன்ன வார்த்தைதான் தலைப்பு. "தமிழ்ல போட்டா லோக்கலா இருக்கும் சார். உங்க பொருளுக்கு இங்கிலீஷ்தான் சார் ரிச்சா இருக்கும்."

லோக்கலா இருக்குமாம்ல!

அந்தத் தம்பி மேல எனக்குக் கோபம் இல்ல. ஊரே சொல்றதை அவரும் சொல்றார். எனக்குக் கோபம் அந்த வார்த்தை மேல. மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017-ல புவிசார் குறியீடு கிடைச்சது. அதோட அர்த்தம் என்ன? இந்தப் பொருளோட மதிப்பே இந்த ஊர்லேர்ந்து வர்றதுதான், வேற ஊர்ல செஞ்சுட்டு இந்தப் பேரைப் போட்டு விக்கக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது. அதாவது அரசாங்கமே முத்திரை குத்திச் சொல்லிருச்சு, "இது லோக்கல், அதனாலதான் ஒசத்தி"ன்னு. உலகக் கைவினைக் கவுன்சிலும் 2015-லயே கல் சிற்பத்துக்கான நகரம்னு இந்த ஊருக்குப் பட்டம் குடுத்தாச்சு. லோக்கலா இருக்கிறதுக்கே உலகத்துல அவார்டு வாங்கின தொழில் இது. அந்தத் தொழில்காரன் கார்டுல மட்டும் லோக்கலா தெரியக் கூடாதாம். என்ன கொடுமை சார் இது!

அந்தக் கார்டுங்கள்ல படம் என்ன போட்டிருக்குன்னு பாத்தீங்கன்னா இன்னும் வேடிக்கை. கருங்கல் சிற்பி கார்டுல இன்டர்நெட்ல எடுத்த பஞ்சலோக நடராஜர். அது சுவாமிமலைக்காரங்க வேலைய்யா! மெழுகுல பிடிச்சு, மண் பூசி, உலோகம் உருக்கி ஊத்துற தொழில். இவரோ உளியால கல்லைச் செதுக்குறவர். சொந்தக் கையால செஞ்ச யாளி ஒண்ணு பட்டறை வாசல்ல நிக்குது. அதைப் போன்ல ஒரு போட்டோ எடுத்துப் போட்டிருந்தா போதும். போடலை, ஏன்னா அது "லோக்கலா" இருக்கும்.

சரி, உணர்ச்சியை விடுங்க. பிசினஸாவே பேசுவோம்.

கார்டு யாருக்கு? இதுதான் முதல் கேள்வி. என் ஆபீஸ் கார்டு முழுக்க இங்கிலீஷ்லதான் இருக்கு, அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஏன்னா அதை வாங்கறவன் அமெரிக்காவுல உக்காந்திருக்கான். கார்டோட பாஷை குடுக்கறவனோட பெருமைக்கு இல்ல, வாங்கறவனோட வசதிக்கு.

அப்ப அண்ணன்கிட்ட கார்டு வாங்கறவர் யாரு? மாமல்லபுரம்னாலே எல்லாருக்கும் வெள்ளைக்காரன்தான் ஞாபகம் வரும். வெள்ளைக்காரன் வருவான், பைக்குள்ள அடங்கற மாக்கல் யானை ஒண்ணு வாங்குவான், போயிடுவான். பிளேன்ல இருவது கிலோவுக்கு மேல அவனாலயும் தூக்க முடியாது. ரெண்டாவது தடவை அவன் கார்டைப் பாத்து போன் பண்ணப் போறதில்ல. எங்களுக்கு நிக்கற ஆர்டர் எங்கேர்ந்து வருது? செய்யூர், மதுராந்தகம், உத்திரமேரூர், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்கள்லேர்ந்து. ஊர்ல அம்மன் கோயிலுக்கோ பிள்ளையார் கோயிலுக்கோ கும்பாபிஷேகம் வைப்பாங்க. கமிட்டி போடுவாங்க. தலைவர், பொருளாளர்னு நாலஞ்சு பெரியவங்க வேன் பிடிச்சு வருவாங்க. பலிபீடம் எவ்வளவு, நந்தி எவ்வளவு, மூலவருக்கு எத்தனை மாசம் ஆகும்னு கேட்டுட்டு, நாலு கடையில கார்டு வாங்கிக்கிட்டு ஊருக்குப் போவாங்க. அங்க கூட்டத்துல அந்தக் கார்டுங்க கை மாறும். ஆர்டர் முடிவாகற இடம் அதுதான். நாம அங்க இல்ல, நம்ம கார்டு மட்டும்தான் இருக்கு.

அந்தக் கூட்டத்துல அறுபது வயசுப் பெரியவர் ஒருத்தர் கார்டைக் கையில வாங்கி, கண்ணுக்குக் கிட்ட வச்சு, தள்ளி வச்சுப் பாத்துட்டு, பக்கத்துல இருக்கிற பையன்கிட்ட "என்னடா போட்டிருக்கு?"ன்னு கேக்கறார் பாருங்க, அந்த நிமிஷம் நம்ம ஆர்டர்ல பாதி போச்சு. பக்கத்துல தமிழ்ல ஒரு கார்டு இருந்தா அவர் அதைத்தான் மறுபடி எடுப்பார்.

இன்னொண்ணு. இந்தத் தொழிலோட சொல்லுங்களுக்கு இங்கிலீஷ்ல வார்த்தையே கிடையாது. அபிஷேகத் தண்ணி வெளிய வர்ற கோமுகிக்கு என்ன போடுவீங்க? துவாரபாலகர்? பலிபீடம்? அதனாலதான் எல்லாக் கார்டுலயும் "எல்லா விதமான கல் வேலைகளும் செய்து தரப்படும்"ங்கிற அர்த்தத்துல இங்கிலீஷ்ல ஒரே ஒரு வரி. அது ஒண்ணுமே சொல்லாத வரி. கிச்சன் மேடைக்கு கிரானைட் போடறவரும் அதே வரியைத்தான் போடறார். "மூலவர், நந்தி, பலிபீடம், துவாரபாலகர், கோமுகி, கல் விளக்கு"ன்னு தமிழ்ல ஒரு வரி எழுதுங்க. இவன் தொழில் தெரிஞ்சவன்னு படிக்கிறவருக்கு அதுலயே தெரிஞ்சுடும். பத்தாயிரம் ரூபா லோகோவால குடுக்க முடியாத நம்பிக்கையை அந்த ஒரு வரி குடுக்கும்.

பாஷை படிக்கிறவனைப் பொறுத்ததுங்கிறதை நான் புதுசா கண்டுபிடிக்கல. இதே ஊர்லயே சாட்சி இருக்கு. தர்மராஜ ரதத்துல ராஜாவோட பட்டப்பேருங்க கிரந்த எழுத்துல வெட்டியிருக்கு. கடற்கரைக் கோயில்ல ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு தமிழ்ல இருக்கு, ஊர்க்காரங்க நிலத்தைப் பங்கு பிரிச்ச ஏற்பாட்டைச் சொல்லுது. ராஜாவோட பெருமை பேசற எடத்துல சமஸ்கிருதம். நாளைக்கு நிலத் தகராறு வந்தா ஊர்க்காரன் படிச்சுப் பாக்க வேண்டிய எடத்துல தமிழ். எந்த வாசகனுக்கு எந்த எழுத்துன்னு அன்னைக்கே யோசிச்சு வெட்டியிருக்கான். அந்தக் கல்வெட்டுல ஊர் பேரு மாமல்லபுரம்னே இருக்கு. நம்ம கார்டுல? இங்கிலீஷ்ல மகாபலிபுரம்.

கடை போர்டுக்கு சட்டம் இருக்கு. தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் விதிப்படி பெயர்ப் பலகையில தமிழ்தான் முதல்ல, பெருசா வரணும். தமிழ், இங்கிலீஷ், மத்த மொழி அஞ்சுக்கு மூணுக்கு ரெண்டுன்னு விகிதமே சொல்வாங்க. அதனால மேல ஃபிளெக்ஸ்ல தமிழ் இருக்கு, பாதி எடத்துல தப்புத் தப்பா. கார்டுக்கு அப்படி ஒரு விதி இல்ல. இருக்கணும்னும் நான் கேக்கல. அபராதத்துக்குப் பயந்து எழுதற தமிழ் எப்படி இருக்கும்னு போர்டுலயே பாத்துக்கிட்டுதானே இருக்கோம். கார்டுல தமிழ் வர்றது நமக்கு லாபம்னு தெரிஞ்சு வரணும்.

இப்ப என் இனத்துக்கு வர்றேன். அதாவது சாப்ட்வேர் ஆளுங்க.

"தமிழ் வேணும்"னு நான் அடம் பிடிச்சதும் அந்தக் கடையில என்ன நடந்துச்சு தெரியுமா? யூனிகோட்ல டைப் பண்ணிக் கொண்டு போயிருந்தேன். அவர் கம்ப்யூட்டர்ல ஒட்டினதும் பாதி எழுத்து கட்டம் கட்டமா வந்துச்சு. மீதியில கொம்பும் காலும் எடம் மாறி நின்னுச்சு. "சார், இது ஒர்க் ஆகாது, நான் என் ஃபான்ட்ல திருப்பி அடிக்கறேன், அதுக்குத் தனியா காசு"ன்னார். அடிச்சார். புரூஃப்ல "சிற்பக்கூடம்" புள்ளி இல்லாம "சிறபக்கூடம்" ஆகியிருந்தது. நான் பாத்துட்டேன், திருத்த வச்சேன். பாக்காத எத்தனை பேரு ஆயிரம் கார்டை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க? பட்டவங்க அடுத்த தடவை என்ன பண்ணுவாங்க? "வம்பே வேணாம், இங்கிலீஷ்லயே போட்டுருங்க"ம்பாங்க. அதான் நடக்குது. பாதித் தமிழ் மோகத்தால போச்சுன்னா மீதித் தமிழ் இந்தத் தொல்லையால போச்சு.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். டி.டி.பி. உலகத்துல பாமினி, செந்தமிழ், வானவில், ஸ்ரீலிபின்னு ஆளாளுக்கு ஒரு ஃபான்ட், பலதுக்கும் தனித்தனி குறியீடு. இங்கிலீஷ் எழுத்து உக்கார வேண்டிய நாற்காலியில தமிழ் எழுத்தை உக்கார வச்சிருப்பாங்க. பாமினியில "தமிழ்"னு அடிச்சதை அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல திறந்தா "ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி"ன்னு தெரியும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது தமிழே இல்ல. யூனிகோட்ல ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் சொந்த நாற்காலி உண்டு. ஆனா "கொ"ன்னு காட்டணும்னா "க"வுக்கு முன்னால கொம்பும் பின்னால காலும் சாப்ட்வேர்தான் கொண்டு வந்து வைக்கணும். பழைய பேஜ்மேக்கருக்கும் பழைய கோரல்டிராவுக்கும் அந்த வித்தை தெரியாது. பேஜ்மேக்கரோட கடைசி வெர்ஷன் வந்தது 2001-ல. அதை வச்சு இன்னைக்கும் ஓட்டற கடை இருக்கு.

2010-ல கோவையில செம்மொழி மாநாடு நடந்த வருஷம், தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமா அறிவிச்சுது. போன்ல தமிழ் வந்துருச்சு. வாட்ஸப்ல பாட்டி கூட வாய்ஸ்ல பேசித் தமிழ்ல மெசேஜ் போடுது. உடனே நாம எல்லாம் "தமிழ் கம்ப்யூட்டிங் முடிஞ்சுது"ன்னு கையைத் தட்டிக்கிட்டுக் கிளம்பிட்டோம். செங்கல்பட்டுல ஒரு அச்சுக் கடை வரைக்கும் அது வந்து சேர்ந்துச்சான்னு எவனும் எட்டிப் பாக்கல. மகிந்திரா சிட்டி கேட்லேர்ந்து செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம்? உள்ள உக்காந்து ஆயிரம் பேரு உலகத்துக்கே சாப்ட்வேர் எழுதறோம். வெளிய ஒரு டி.டி.பி. ஆபரேட்டருக்கு "இந்த ஆப்ஷனை மாத்துங்கண்ணே, தமிழ் சரியா வரும்"னு சொல்ல ஆள் இல்ல. அந்த ஆபரேட்டரைக் குத்தம் சொல்லாதீங்க. அவர் டைப்ரைட்டர் கீபோர்டு கத்துக்கிட்டு, நாள் பூரா கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடிச்சுக் குடும்பத்தை ஓட்டறார். குத்தம் நம்ம மேல.

திட்டிட்டு மட்டும் போகக் கூடாது இல்லையா. கார்டு அடிக்கறவங்களுக்கு உபயோகமா சிலது:

1. ஃபான்ட்டுக்குக் காசு வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்த மலர் எல்லாம் யூனிகோட், இலவசம், வியாபாரத்துக்கும் தாராளமா பயன்படுத்தலாம். கேட்டமரான்னு ஒரு ஃபான்ட் இருக்கு. நம்ம கட்டுமரம்தான் இங்கிலீஷுக்குப் போய் அந்தப் பேரா திரும்பி வந்திருக்கு. கடலோர பிசினஸுக்கு இதை விடப் பொருத்தம் வேணுமா?

2. இங்க்ஸ்கேப் இலவச சாப்ட்வேர், தமிழை ஒழுங்கா காட்டும். கடைக்காரர் இன்டிசைன் வச்சிருந்தா பாராகிராஃப் மெனுவுல "வேர்ல்டு ரெடி கம்போசர்"னு ஒண்ணு இருக்கு, அதைப் போடச் சொல்லுங்க. கொம்பும் காலும் தன் எடத்துக்கு வந்துடும்.

3. முடிஞ்சதும் எழுத்தைக் "கர்வ்" ஆக்கி பி.டி.எஃப். குடுங்க. அப்புறம் அது எழுத்து இல்ல, கோடு. எந்த மெஷின்ல திறந்தாலும் மாறாது. சிவகாசிக்கு அனுப்பி அடிச்சாலும் சரி.

4. தமிழ் எழுத்து எட்டு பாயின்ட்டுக்குக் கீழ போக விடாதீங்க. "ண", "ஞ" எல்லாம் சுழி சுழியா இருக்கு, மை அடைச்சுக்கும். சின்ன எழுத்தை நாலு கலர் கலந்த கறுப்புல அடிக்காம, தனிக் கறுப்புல அடிக்கச் சொல்லுங்க. கலர் கொஞ்சம் நகர்ந்தாலும் எழுத்து ரெட்டையா தெரியாது.

5. சுத்தி மூணு மில்லிமீட்டர் பிளீடு விடுங்க. வெட்டற ஓரத்துக்குக் கிட்ட போன் நம்பரைக் கொண்டு போகாதீங்க.

6. ரெண்டு பக்கமும் பளபள லேமினேஷன் போடாதீங்க. பேனா ஓடாது. எங்க தொழில்ல கார்டு பின்னாடிதான் "மூணு அடி, பீடம் தனி"ன்னு அளவு குறிச்சுக் குடுப்போம். ஒரு பக்கமாவது எழுத வரணும். கொஞ்சம் எடமும் விட்டு வைங்க.

7. செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பர்ல. இன்னும் காஞ்சிபுரம் மாவட்டம்னு அடிச்சுக்கிட்டே இருக்காதீங்க.

8. புவிசார் குறியீடு முத்திரையைச் சும்மா டவுன்லோடு பண்ணிப் போடக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா பதிவு பண்ணினவங்களுக்குத்தான் அந்த உரிமை. பதிவு பண்ணிட்டுப் போடுங்க, பெருமையா போடுங்க.

9. புரூஃபை டிசைன் பண்ணினவன் பாக்கக் கூடாது. வீட்டுல தமிழ் பேப்பர் தினமும் படிக்கிற ஆள்கிட்ட குடுத்து, சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. புள்ளி விட்டது காதுலயே மாட்டும்.

இதுக்கு நீங்க என்ன கேப்பீங்கன்னு தெரியும்.

"டூரிஸ்ட் வர்ற ஊரு, இங்கிலீஷ் வேணாமா?" வேணும். யாரு வேணாம்னா? அட்டைக்கு ரெண்டு பக்கம் இருக்கே. ஒரகடம் பக்கம் வேலை பாக்கறவங்க ஜப்பான்காரன் கார்டு பாத்திருப்பீங்க. ஒரு பக்கம் ஜப்பானீஸ், இன்னொரு பக்கம் இங்கிலீஷ். ரெண்டு கையால பிடிச்சு, குனிஞ்சு குடுப்பான். அவனை யாராவது "லோக்கலா இருக்கான்"னு சொன்னாங்களா? ஜப்பான்காரன் செஞ்சா கல்ச்சரு, நாம செஞ்சா லோக்கலா?

"தமிழ் நிறைய எடம் அடைக்குதே?" அடைக்கும். அதனால தேவையில்லாததைத் தூக்குங்க. ஒரு ஆள் நடத்தற பட்டறைக்கு "மேனேஜிங் டைரக்டர்" எதுக்கு? "சிற்பி"ன்னு மூணெழுத்து போடுங்க. கம்பெனியில எத்தனை மேனேஜிங் டைரக்டர் வேணும்னாலும் வரலாம் போகலாம். சிற்பின்னு போட்டுக்க கையில காய்ப்பு காய்ச்சிருக்கணும். (அண்ணன் கார்டுல அந்த வார்த்தையைப் போடல. அவர் ஆர்டர் எடுக்கறவர், கொத்தறவர் இல்ல. "கற்சிற்ப ஆர்டர்கள்"னுதான் போட்டிருக்கோம். உள்ளதைத்தானே போடணும்.)

"இப்ப யாருங்க கார்டு பாக்கறா? க்யூஆர் கோடு போதுமே?" கோடு போடுங்க, நானும் போட்டேன். அதுக்குள்ளயும் பேரைத் தமிழ்லயே வைக்கலாம், போன்ல அப்படியே சேமிச்சுக்கும். ஆனா கோடு மட்டும் போட்டு மீதியை வெள்ளையா விடற ஸ்டைல் வேணாம். கமிட்டிக் கூட்டம் நடக்கற மரத்தடியில சிக்னல் இருக்கான்னு யாருக்குத் தெரியும்? அட்டைக்கு சார்ஜ் வேண்டாம், டவர் வேண்டாம். காலண்டர் ஆணியில சொருகி வச்சா அடுத்த கும்பாபிஷேகம் வரைக்கும் நிக்கும்.

அண்ணன் கார்டு போன மாசம் வந்துருச்சு. முன்பக்கம் தமிழ், பின்பக்கம் இங்கிலீஷ், ஓரத்துல பூஞ்சேரி பட்டறையில செஞ்ச நந்தியோட போட்டோ. இதனால ஆர்டர் கொட்டுதுன்னு நான் கதை விட மாட்டேன், அதுக்கு இன்னும் நாளாகும். ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்த நந்தியைச் செஞ்ச சிற்பி கார்டைக் கையில வாங்கினார். வழக்கமா கார்டுன்னா திருப்பிக் கூட பாக்காம சட்டைப் பையில போடற மனுஷன். இதை நின்னு முழுசா படிச்சார். படிச்சுட்டு, "கோமுகி போட்டிருக்கீங்க, உரல் அம்மி விட்டுட்டீங்களே தம்பி, அதுக்கும்தான் ஆள் வருது"ன்னார். தன் தொழிலைப் பத்தின அட்டையில தப்பு கண்டுபிடிக்கற உரிமை அவருக்கு இத்தனை வருஷமா இல்லாம இருந்துச்சு. ஏன்னா அது அவருக்குப் படிக்கத் தெரியாத பாஷையில இருந்துச்சு.

லோக்கலா இருக்கும்னு சொல்றவங்களுக்கு என் பதில் ஒண்ணுதான். ஆமா, இருக்கும். இருக்கணும்.

பி.கு: அடுத்த ஆயிரத்துல உரல், அம்மி ரெண்டும் சேர்த்தாச்சு.